தங்கவயலும் செஞ்சோற்றுக் கடனும்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அண்மைக் காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அதற்கு நீதிமன்றம் இல்லை, வழக்கறிஞர் இல்லை, தீர்ப்பும் இன்னும் எழுதப்படவில்லை. நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில் அது நடக்கும் விதத்தை மட்டும் இங்கே சொல்லுவோம்.

பாட்டனார் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 34 ஆண்டுகள் இறங்கி ஏறியவர். எதிரே பேரன் நிற்கிறான். பொழுது புலருமுன் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூரு சென்று, இருட்டிய பின்னர் வீடு திரும்புபவன். ஆறு ஆண்டுகளில் மூன்று நிறுவனங்கள் மாறிவிட்டான். நான்காவதற்கும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறான். "உப்பைத் தின்ற இடத்தை இப்படி உதறிட்டுப் போகலாமா தம்பி?" என்று கேட்கிறார் கிழவர். "உங்களை உதறினப்போ யாரும் இதைக் கேக்கலையே தாத்தா" என்கிறான் பேரன். அதற்குமேல் இருவரும் பேசுவதில்லை. உள்ளே இருந்து காப்பி வருகிறது. வழக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் இந்த வழக்கை அறியாத குடும்பம் அரிது. ஆகவே அதனைச் சற்றே ஆழமாக எண்ணிப் பார்க்க இம்மலரின் பக்கங்கள் சிலவற்றை நாம் எடுத்துக்கொள்ளுகிறோம்.

இன்று பெரு நிறுவனங்கள் எல்லாம் ஒரு கவலையில் ஆழ்ந்திருக்கின்றன. திறமையுடையோரை ஈர்ப்பது எங்ஙனம், அவர்களை நடத்திச் செல்வது எங்ஙனம், கை நழுவிப் போகாமல் காத்துக்கொள்வது எங்ஙனம் என்று கூட்டங்கள் கூட்டி ஆராய்கின்றன. நல்லது. ஆனால் அந்த ஆராய்ச்சி முழுவதும் வேலை கொடுப்பவரின் நாற்காலியிலிருந்து செய்யப்படுவது. பிடித்து வைக்க வழி தேடுவதே அதன் நோக்கம். நாம் கேட்க விரும்புவது வேறு கேள்வி. ஒருவனுடைய திறமையைத் தன்பால் ஈர்த்து, அவன் வாழ்நாளின் நல்ல பகுதியெல்லாம் தன்னிடமே நிறுத்திக்கொண்டவனுக்கு அவன்பால் ஏதேனும் கடன் உண்டா? திங்கள்தோறும் கூலி கொடுத்ததோடு அக்கடன் தீர்ந்துவிடுகிறதா?

நம் மொழியில் இதற்கு நேரான ஒரு சொல் உண்டு. செஞ்சோற்றுக் கடன் என்பது அது. ஆனால் அச்சொல்லை நாம் எப்போதும் ஒரு பக்கமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். உண்டவன் பட்ட கடன் என்றே பொருள் கொள்ளுகிறோம். ஊட்டியவன் பட்ட கடன் என்று ஒன்று உண்டா என்று கேட்பதில்லை.

செஞ்சோற்றுக் கடன் என்றதும் நம் நினைவில் எழுபவன் கன்னன். அவன் கதையை மீண்டும் ஒருமுறை உற்று நோக்குதல் வேண்டும். அரங்கேற்றக் களத்தில் அருச்சுனனுக்கு இணையாக வில்லெடுத்து நின்றவனிடம், நின் குலம் யாது, தந்தை யார் என்று கேட்டனர் பெரியோர். அவன் தலை கவிழ்ந்தது. துரியோதனன் ஒருவன்தான் குலத்தைக் கேளாமல் கையிலிருந்த வில்லைக் கண்டான். அந்த இடத்திலேயே அங்க நாட்டுக்கு அரசனாக்கினான். துரியோதனன் உள்ளத்தில் ஒரு கணக்கு இருந்ததை நாம் மறுக்கவில்லை. அருச்சுனனுக்கு எதிராள் ஒருவன் அவனுக்குத் தேவைப்பட்டான். இருந்தும், ஊரார் முன்னிலையில் ஒருவன் சிறுமைப்பட்டு நின்ற வேளையில் அவன் திறமையைத் திறமை என்று பெயர் சொல்லி அழைத்தவன் அவன்.

பின்னாளில் கண்ணன் வந்து பிறப்பின் உண்மையை உரைத்து, மூத்தவன் நீயே, அரசு உன்னுடையதே என்று அழைத்தபோதும் கன்னன் அசையவில்லை. இன்றைய மொழியில் சொன்னால், அதைவிடப் பெரிய சம்பளம் எவராலும் தர இயலாது! அவனை நிறுத்தி வைத்தது அங்க நாட்டின் வருவாய் அன்று; அரங்கில் கிடைத்த அந்த ஒரு கணத்து மதிப்பு. செஞ்சோறு என்று நாம் சொல்லுவது சோற்றை அன்று என்பது இதனால் விளங்கும்.

அதே கன்னனுக்குக் களத்தில் தேரோட்டியாக வாய்த்தவன் சல்லியன். தேரைச் செலுத்துவதில் வல்லவன்தான்; ஆனால் வழியெல்லாம் அவன் ஊக்கத்தைக் குலைத்துக்கொண்டே வந்தான். எத்துணை அலுவலகங்களில் இன்றும் சல்லியர்கள் தேரோட்டுகிறார்கள் என்பதை அன்பர்கள் தத்தம் அனுபவத்திலிருந்து எண்ணிக்கொள்ளலாம். நாம் விரிக்கப் போவதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு தங்கவயலுக்கு வருவோம்.

லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880இல் தங்கவயலில் கால் வைத்தது. அதற்குச் சற்று முன்புதான், 1876 முதல் 1878 வரை, தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியிருந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் சாரிசாரியாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றவர்; ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்ட குடியினர். மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலை செய்தோர் தொகை 20,000க்கும் மேற்பட்டிருந்தது.

அவர்களை ஈர்த்தது எது? பசி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பசியாற வேறிடங்களும் இருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியோர் பல்லாயிரவர். தங்கவயல் தந்த ஒன்று உண்டு. பொதுக் கிணற்றை நெருங்கவும், ஆண்டையின் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் இயலாதிருந்த மனிதன், இங்கே சங்கு ஊதியதும் கேஜில் ஏறி இறங்கினான். சங்கு ஊதியதும் மேலே வந்தான். கூலியைக் காசாக எண்ணி வாங்கினான். சுரங்கத்தில் சாதி அறவே ஒழிந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். எனினும் அவன் பொழுது அவனுக்குச் சொந்தமாயிற்று. பண்ணையில் பிறந்தவனுக்கு அது சிறிய பொருளா?

கடல் கடந்து சென்றோர் நிலை வேறு விதம். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. தொழிலாளியின் பெயரில் உள்ள கடன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்த்து அச்சீட்டைப் பெறும் தோட்டமே அவனை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவன் தோட்டம் மாறினான் என்பதைவிட, அவன் கடன் கைமாறியது, கூடவே அவனும் போனான் என்பதே பொருந்தும். 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆளை நிறுத்தி வைப்பதில் இது ஒரு முறை. மிகவும் திறமையான முறையுங்கூட! ஒருவன் ஓரிடத்தில் நெடுங்காலம் இருந்தான் என்பது மட்டுமே அந்த இடத்தின் பெருமைக்குச் சான்றாகாது என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

தங்கவயலில் ஆள் சேர்ந்த விதத்தில் ஒரு சுவையான ஒற்றுமையும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் மேற்பார்வைப் பதவிகளில் இருந்தனர். உலகெங்கும் அவர்களுக்குக் 'கசின் ஜாக்' என்று பட்டப்பெயர். ஓரிடத்தில் வேலை காலியானால், ஊரில் என் சிற்றப்பன் மகன் ஒருவன் இருக்கிறான், வரச் சொல்லட்டுமா என்பார்களாம். நம்மவரும் அவ்வாறே செய்தனர். அண்ணன் தம்பியை அழைத்தான். மாமன் மருமகனை அழைத்தான். திருக்குறளில் தெரிந்து வினையாடல் என்னும் 52ஆம் அதிகாரத்தை அடுத்துச் சுற்றந்தழால் வருவதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. கார்ன்வால்காரருக்கும் நம்மவருக்கும் சுற்றம் ஒன்றுபோலவே துணை நின்றது. ஆனால் ஒருவர் சுற்றம் பங்களாவுக்குப் போயிற்று, மற்றவர் சுற்றம் மூங்கில் தட்டி வீடுகளுக்குப் போயிற்று.

இனி நாம் நெடுநேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறோம். அத்தொழிலாளர்க்குத் திறமை என்று ஒன்று இருந்ததா? இருந்தது என்றால் அதனைத் திறமை என்று எவரேனும் அழைத்தனரா?

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. பாறை அங்கே தாங்கொணா அழுத்தத்தில் இருக்கும். ஒரு பக்கம் குடைந்துவிட்டால் மறு பக்கம் வெடித்துச் சிதறும். அதனை நம்மவர் 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். அது நிகழும்போது மேலே ஊருக்குள் வீடுகளும் அதிரும், பாத்திரங்கள் உருளும், பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து, எந்த ஷிஃப்டு, யார் வீட்டார் என்று விசாரிப்பார்கள்.

அத்தகைய இடத்தில் வேலை செய்பவனுக்குக் காதுதான் முதல் கருவி. கடப்பாரையால் மேற்பாறையைத் தட்டுவான். கெட்டியான ஓசை எழுந்தால் நிற்கலாம். பொள்ளலான ஓசை எழுந்தால் நகர வேண்டும். அதை எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்கவில்லை. மரத்தூண் எங்கே நாட்டுவது, கருங்கல் அடுக்கி முட்டுச் சுவர் எங்கே எழுப்புவது, எந்த மரம் முனகினால் இன்னும் ஒரு நாள் தாங்கும், எந்த முனகலுக்குப் பின் ஒரு நிமிடமும் நிற்கலாகாது என்பவற்றையெல்லாம் தந்தை மகனுக்குச் சொன்னான். மூத்தவன் இளையவனுக்குச் சொன்னான். வைண்டிங் என்ஜின் ஓட்டுபவர் கண்ணால் காணாத மனிதர்களை மணி ஒலி ஒன்றையே நம்பி மைல் கணக்கில் இறக்கி ஏற்றினார்.

தொழிலிடமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 90 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான். கைத்துளைக்குப் பதில் காற்றழுத்தத் துளைக் கருவி வந்தது. நீராவிக்குப் பதில் மின்சாரம் வந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத அந்த மனிதர்கள் கையாலேயே கற்றுக்கொண்டார்கள். மாறும் பணியிடம் என்று இன்று பெரிதாகப் பேசுகிறோமே, அதனை அவர்கள் இருட்டில் கண்டவர்கள்.

ஆயினும் ஏட்டில் அவர்கள் பெயர் கூலி. நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்குப் பெறும் பொருளின் பெயர். பெறும் பொருளின் பெயரையே பெறும் ஆளுக்குப் பெயராக்கிவிட்டது அக்காலத்து வழக்கு. சம்பளம் வாங்கும் துரையை எவரும் 'சம்பளம்' என்று அழைக்கவில்லை.

அழைத்த பெயரில் மட்டும் இக்குறை நின்றுவிடவில்லை. மேலே வரும் தொழிலாளியின் உடல் சோதிக்கப்பட்டது. தங்கம் திருட்டுப் போனது உண்மை. காவல் வைக்க நிறுவனத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளுவோம். எனினும் சோதிக்காமல் ஒருவனை நம்பிவிடுவது எவ்வளவு கேடோ, சோதித்து ஏற்றுக்கொண்ட பிறகும் ஐயுற்றுக்கொண்டே இருப்பது அவ்வளவு கேடு என்று தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கருதியதை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. ஆயிரம் அடிக் கணக்கான ஆழத்தில் பிற உயிர்களை ஒருவன் கையில் ஒப்படைக்கிறார்கள். மேலே வந்ததும் அவன் மடியை அவிழ்த்துப் பார்க்கிறார்கள். விரல் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டளை வந்தபோது, 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்காகத் தொடங்கியதன்று என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். குற்றவாளியைப் போல் எம் விரலை மையில் தோய்க்க மாட்டோம் என்பதே அங்கே எழுந்த குரல்.

இதே போன்ற கதை வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. 1913ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு 50,000க்கும் மேற்பட்டோரை எடுக்க வேண்டியதாயிற்று. வந்தவர் வந்த வேகத்தில் போயினர். 1914 சனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார் ஃபோர்டு. அது முந்தைய கூலியைப்போல் இரு மடங்கு. ஆட்கள் நிலைத்தனர். ஆனால் அந்தப் பணம் முழுவதும் வேண்டுமானால் நிறுவனத்தின் ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார். குடிக்கிறானா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறானா, சேமிக்கிறானா என்று விசாரிப்பார். கூலியைக் கூட்டியவர் நம்பிக்கையைக் கூட்டவில்லை. தங்கவயலில் கூலியும் கூடவில்லை என்பதொன்றே வேறுபாடு!

இவ்வளவுக்குப் பிறகும் நம்மவர் தங்கவயலில் தங்கினார்களே, நான்கு தலைமுறை தங்கினார்களே என்று கேட்கலாம். வீடு கிடைத்தது, மருத்துவமனை இருந்தது, தந்தைக்குப் பின் மகனுக்கு வேலை என்னும் வழக்கமும் இருந்தது. இவை பொய்யல்ல. பாட்டனார் இவற்றைத்தான் உப்பு என்கிறார். ஆனால் இவை மட்டுமே அவர்களைத் தங்க வைத்தன என்று நாம் நம்பவில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் வாசகர் கூட்டம் இருந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் தோன்றின. பண்டிதர் 1914இல் மறைந்த பின்னர் அவருடைய நூல்களை அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. ஜி. அப்பாதுரையாரின் முயற்சியால் 1920களில் 'தமிழன்' மீண்டும் உயிர் பெற்று அங்கிருந்தே வெளிவந்தது. பகலில் பாறையை உடைத்தவர்கள் இரவில் அரிக்கேன் விளக்கொளியில் நூல் படித்தனர், விவாதம் செய்தனர், காசு சேர்த்து அச்சுக்கூலி கொடுத்தனர். நிறுவனம் விலைக்கு வாங்கியது அவர்கள் தோள்வலியை. அவர்கள் அறிவை எவரும் விலை கேட்கவில்லை. கேட்காத பொருளை அவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். அதைக் கொண்டு ஓர் ஊரைக் கட்டினார்கள்.

தங்கம் என்னும் சொல்லும் தங்குதல் என்னும் சொல்லும் நம் மொழியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இலக்கண ஆசிரியர்கள் நம்மைக் கோபிக்கலாம். வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்ய நாம் முற்படவில்லை. தங்க வைத்தல் என்பது பிறன் செய்யும் வினை. தங்குதல் என்பது தானே செய்யும் வினை என்பதை மட்டும் சுட்டுகிறோம். நம்மவரைத் தங்க வைத்தவர் ஒருவர். அவர்கள் தங்கியது வேறொன்றினால். தாம் கட்டிய சங்கத்துக்காகவும், தம் பிள்ளை படித்த பள்ளிக்காகவும், ஏர் பிளாஸ்டில் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டவர்களுக்காகவும் தங்கினார்கள்.

தங்கியதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பாறைத் தூள் மூச்சில் கலந்து நுரையீரலைக் கல்லாக்கும் நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். 1940களில் தங்கவயலில் நடந்த ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. ஒருவன் நெடுநாள் தங்கத் தங்க அவன் காதும் கையும் கூர்மை பெற்றன. அதே நாள்களின் கணக்கில் நெஞ்சில் தூசியும் படிந்தது. எவன் அதிகம் தங்கினானோ அவனே அதிகம் திறமையுடையவன். அவனே அதிகம் நோயாளியும் ஆனான். பிற தொழில்களில் ஆளை நிறுத்தி வைப்பது அவனுக்கு நன்மை செய்வதாக இருக்கலாம். அங்கே அது அவன் மூச்சை எடுத்துக்கொள்வதாக இருந்தது. இத்தகைய இடத்தில் கூலியோடு கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல எந்த அறநூலும் துணை வாராது.

காலம் மாறியது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; 1962இல் மத்திய அரசின் கைக்குச் சென்றன; 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவாயிற்று. பக்கத்திலேயே 1964இல் பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை எழுந்தது. துரைகள் போனார்கள், நம் நாட்டு அதிகாரிகள் வந்தார்கள். உலக அறிவியலும் அந்த ஆழத்தை நாடி வந்தது. 1965இல் வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்களின் தடயத்தைத் தங்கவயலின் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து அறிஞரும் சேர்ந்து கண்டறிந்தனர். அந்த ஆழத்தில் அறை குடைந்தவர்களும், அந்தக் காற்றையும் வெப்பத்தையும் அன்றாடம் அறிந்தவர்களும் யார் என்று எண்ணிப் பாருங்கள். பாறை இயலை ஆராய 1988இல் ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையமே அங்கு அமைந்தது. ஓசையால் பாறையை அறிந்த கிழவர்களின் கல்வி ஒருவாறு கருவிகளின் மொழிக்கு மாறியது என்று சொல்லலாம். அந்தக் கிழவர்கள்தாம் கருவிகளின் மொழிக்கு மாறவில்லை, மாற்றுவாரும் இல்லை.

கல்லில் தங்கம் குறைந்தது, ஆழம் கூடியது, செலவு ஏறியது. 121 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. மூடியதே அநீதி என்று சொல்வோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. எந்தச் சுரங்கமும் ஒரு நாள் தீரும். தீரும் என்பது தெரிந்த பொருள் என்பதால்தான் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தீரப் போகிற ஒன்றில் ஒருவனைத் தந்தை வழியாகவும் மகன் வழியாகவும் நிறுத்தி வைத்தவர்கள், தீர்ந்த மறுநாள் அவன் கை எங்கே பயன்படும் என்று எண்ணினார்களா? மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் குரலை அறிந்த மனிதனுக்குப் பெங்களூரில் கிடைத்தது என்ன? அடுக்குமாடி வாயிலில் ஒரு நாற்காலி. வருவோர் போவோர் பெயர் எழுத ஒரு பதிவேடு. குடியிருந்த வீடும் தனக்கு உரியதா என்ற வழக்கில் மாட்டிக்கொண்டது.

கடனை அளக்க நமக்குத் தோன்றும் அளவு இதுதான். ஒருவன் ஒரு தொழிலிடத்தை விட்டுப் போகும் நாளில், வந்த நாளினும் சிறியவனாகப் போகலாகாது. உடலால் தேய்வது இயற்கை. ஆனால் அறிவாலும் பெயராலும், அடுத்த வாயிலில் சென்று நிற்கும் துணிவாலும் அவன் தேய்ந்திருந்தால், நிறுத்தி வைத்தவன் அவனிடமிருந்து ஏதோ ஒன்றை எழுத்தில் காட்டாமல் எடுத்துக்கொண்டிருக்கிறான். பிடித்து வைக்கப் பூட்டு போடுபவனுக்கு இந்தக் கடன் அதிகம். திறந்து வைத்தவனுக்குக் குறைவு. கன்னன் கதையில் துரியோதனன் பட்ட கடனும் இல்லாமல் இல்லை. திறமையைப் பெயர் சொல்லி அழைத்தவன், அந்தத் திறமை யாருக்காக அழியப் போகிறது என்பதை ஒருமுறையேனும் எண்ணியிருக்க வேண்டும்.

அப்படியானால் பேரன் பக்கமே நியாயம் என்று அன்பர்கள் முடிவு கட்டிவிட வேண்டா. அவன் பேச்சிலும் ஓர் ஓட்டை உண்டு. அவன் முதல் நிறுவனத்தில் சேர்ந்தபோது ஒன்றும் அறியாதவன். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்தவர் ஒருவர் தம் உணவு இடைவேளையை விட்டுக்கொடுத்து அவனுக்குத் தொழில் கற்பித்தார். கற்று முடித்த ஏழாம் திங்களில் அவன் போய்விட்டான். நிறுவனத்துக்கு அவன் கடன்பட்டானா என்பது பற்றி நாம் வாதாட விரும்பவில்லை. அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அந்த மூத்தவருக்குக் கடன்பட்டான். அவர் கற்பித்ததை அவன் இன்னொருவனுக்குக் கற்பிக்கவில்லை. பாட்டனார் 34 ஆண்டில் எத்தனை இளைஞர்களுக்குத் தட்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார் என்பதற்குக் கணக்கில்லை. அந்த ஆழத்தில் ஒருவனுக்குக் கற்பியாமல் விடுவது அவனைக் கொல்வதற்கு ஒப்பு. ஆகவே அங்கே எவரும் கற்பித்தலைக் கூலிக்குள் அடக்கவில்லை.

கிழவர் விசுவாசம் என்று எதைச் சொல்லுகிறாரோ அதில் பெரும்பகுதி இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லுகிறார். ஆனால் மனத்தில் நிற்பது கூட இறங்கிய ஆட்களின் முகம். பேரனுக்கு அது விளங்கவில்லை. அவனுடன் ஒரே அறையில் இருப்பவர்களுள் பாதிப் பேரின் வீடு எங்கே என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆறு திங்களுக்கொருமுறை முகங்கள் மாறும் இடத்தில் எந்த முகத்துக்குக் கடன்படுவது? இதற்கு அவனை மட்டும் குறை கூறுவதும் முறையன்று. முகங்கள் மாறாமலிருக்க எவரும் அங்கே ஏதும் செய்யவில்லை. போகிறவனுக்குப் பதில் வேறொருவன் என்பதே அந்த இடத்தின் கணக்கு.

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரன் நான்காவது நிறுவனத்துக்கு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தான். அதில் ஒரு கட்டம்: தங்களிடம் உள்ள திறமைகள் யாவை? அதனை அவன் உரக்கப் படித்தான். திண்ணையிலிருந்த கிழவர் திரும்பினார்.

"இப்படியெல்லாம் கேக்கிறாங்களா?"

"ஆமாம் தாத்தா. இதைப் பார்த்துத்தான் வேலையே."

"எங்களை யாரும் கேட்டதில்லைடா. ஆள் சேக்கறப்போ மார்பைத் தட்டிப் பார்த்தாங்க, அவ்வளவுதான்."

பேரன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு வேறொரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "கேட்டிருந்தா என்ன எழுதியிருப்பீங்க? சொல்லுங்க" என்றான். கிழவர் முதலில் சிரித்தார். கையை உயர்த்தி, இல்லாத பாறை ஒன்றை இல்லாத கடப்பாரையால் தட்டிக் காட்டினார். அந்த ஓசையிலிருந்து தொடங்கினார். காப்பி வந்தது; ஆறியது. தாளின் இரு பக்கமும் நிரம்பி, பேரன் இன்னொரு தாள் எடுக்க உள்ளே போனான்.